வாசகர் கேள்வி: தடை விதித்தால் பணிவார்களா?

கேள்வி: என் தம்பி ஈரானில் மீன்பிடிப் படகில் வேலை செய்தபோது, கூலியை வங்கி வழியாக வீட்டுக்கு அனுப்ப முடியாமல் மிகவும் அல்லல்பட்டான். பொருளாதாரத் தடைதான் காரணம் என்றார்கள். இத்தகைய தடைகள் ஒரு நாட்டைப் பணிய வைக்கின்றனவா, வேறு நாடுகளின் பக்கம் தள்ளிவிடுகின்றனவா?
– வாசகர், குளச்சல்

பதில்: தடையின் சுமை ஆட்சியாளரைத் தொடுமுன் உழைப்பவரின் கூலியைத் தொட்டுவிடுகிறது என்பதை நம் கடலோரக் குடும்பங்கள் பல அறியும். நீங்கள் கேட்ட இரண்டுமே நடந்திருக்கின்றன. தடைக்குள்ளான நாட்டின் பொருளை வாங்க வேறு ஆள் இருக்கிறாரா என்பதே வேறுபாடு. 2012-இல் ஐரோப்பிய ஒன்றியமும் ஈரானிய எண்ணெயைக் கைவிட்டு, நாடுகளுக்கிடையே பணம் அனுப்ப வங்கிகள் செய்தி பரிமாறும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து ஈரானிய வங்கிகளும் நீக்கப்பட்டபின், ரஷ்யாவும் சீனாவும் உடன் அமர்ந்த பேச்சுவார்த்தையில் ஈரான் தன் அணுத் திட்டத்தைக் கட்டுப்படுத்தினால் தடைகள் தளரும் என்ற 2015-ஆம் ஆண்டு அணு உடன்பாடு பிறந்தது. 2018 மே மாதம் அமெரிக்கா மட்டும் அதிலிருந்து விலகித் தடைகளைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஈரான் பணியவில்லை. 2021 மார்ச்சில் சீனாவுடன் 25 ஆண்டு ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டது, சீனாவும் ரஷ்யாவும் முன்னிற்கும் கூட்டமைப்புகளான ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பில் 2023-இலும் பிரிக்ஸில் 2024-இலும் இடம்பெற்றது.

ஆனால் இதை நட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளச்சல் கரையில் மீனை ஏலம் எடுக்க ஒரே வியாபாரி நின்றால் என்ன விலை கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஈரான் தன் எண்ணெயில் பெரும்பகுதியைச் சீனாவுக்குத் தள்ளுபடி விலையில் விற்பதும் அப்படித்தான். இந்தியா எண்ணெய் வாங்கிய நாள்களில் ஈரானுக்குரிய தொகையில் ஒரு பகுதி, தடையால் வெளியே அனுப்ப முடியாமல், நம் நாட்டு யூகோ வங்கியில் ரூபாயாகத் தேங்கியதால், அதைக் கொண்டு நம்மிடமே அரிசி முதலியவற்றை வாங்க வேண்டியிருந்தது.

கேள்வி: நம் நாடும் இத்தகைய தடைகளைச் சந்தித்ததுண்டா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: உங்கள் ஊருக்கு வடக்கே உயர்ந்து நிற்கும், இஸ்ரோவின் எஞ்சின் சோதனை நிலையம் உள்ள மகேந்திரகிரியே அதற்குச் சான்று. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளால் இயங்கும் கிரையோஜெனிக் ராக்கெட் எஞ்சின் நுட்பத்தை ரஷ்யாவிடமிருந்து பெறவிருந்த இஸ்ரோ மீது 1992 மே மாதம் அமெரிக்கா தடை விதித்தது. மறு ஆண்டு ரஷ்யா அந்த அழுத்தத்துக்கு இணங்கி, நுட்பத்தைத் தராமல் எஞ்சின்களை மட்டும் தர ஒப்புக்கொண்டது. நம் பொறியாளர்கள் மகேந்திரகிரியில் ஆண்டுக்கணக்கில் சோதித்துச் சோதித்து உருவாக்கிய எஞ்சின், 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை வெற்றிகரமாகச் செலுத்தியது.

1998 மே மாதப் பொக்ரான் அணுகுண்டு சோதனைக்குப் பின் அமெரிக்கா மீண்டும் தடை விதித்தபோதோ, ஐந்தாண்டுகளுக்கு முன் பின்வாங்கிய அதே ரஷ்யா, அடுத்த மாதமே கூடங்குளம் அணு உலைகளுக்கான துணை ஒப்பந்தத்தில் நம்முடன் கையெழுத்திட்டது. பண நெருக்கடியில் இருந்த ரஷ்ய அணுத் துறைக்கு அந்த வேலை தேவைப்பட்டது. நமக்கு உலை தர வேறு எவரும் அன்று முன்வரவில்லை.