ஹோப்பி சடங்குகளும் பழைய கேமராக்களும்: கேள்வி பதில்

கே: அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் ஹோப்பி பழங்குடி மக்களின் பாம்பு நடனத்தை முதலில் படம் எடுத்தவர் புகைப்படக்காரர் எட்வர்ட் கர்ட்டிஸ்தானே சார்?

ப: இல்லை. கர்ட்டிஸ் 1900-இல்தான் அங்கே போனார். 1895-லேயே பாசடினா புத்தகக் கடைக்காரர் ஆடம் கிளார்க் வ்ரோமன் கண்ணாடித் தகடுகளைச் சுமந்துகொண்டு வால்பி கிராமத்துக்குப் போய்விட்டார். அவருக்கும் முன்னோடிகள் உண்டு.

கே: பாம்பை ஏன் வாயில் கவ்வுகிறார்கள்?

ப: மழைக்காக. அரிசோனாவின் வறண்ட மேட்டுநிலத்தில் மக்காச்சோளம் மழையை நம்பித்தான் விளைகிறது. ஆட்டம் முடிந்ததும் பாம்புகளை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். வேண்டுதலை அவை எடுத்துச் செல்லும் என்பது நம்பிக்கை. ஒன்பது நாள் சடங்கில் வெளியார் பார்த்தது பெரும்பாலும் கடைசி நாள் ஆட்டத்தைத்தான். பழைய படங்களில் திரும்பத் திரும்ப வருவதும் அதுவே. முழுச் சடங்கையும் பார்த்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

கே: பிறகு ஏன் கேமராவுக்குத் தடை?

ப: ரயிலும் கோடாக்கும் சேர்ந்து செய்த வேலை. சான்டா ஃபே ரயிலில் வந்து இறங்கியவர்கள் அங்கிருந்து குதிரை வண்டி கட்டி வந்தார்கள். 1888-இல் கோடாக் என்ற எளிய கைக்கேமரா வந்த பிறகு பயிற்சி இல்லாதவரும் படமெடுக்கலாம் என்றாகிவிட்டது. நல்ல இடம் பிடிக்க முட்டிமோதல், ஆடுபவர்களுக்கு இடைஞ்சல். முதலில் கேமராக்காரர்களை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். அப்புறம், 1910-களை ஒட்டி, படிப்படியாகத் தடையே வந்தது. இன்றும் அந்தக் கிராமங்களில் படம், ஓவியம், ஒலிப்பதிவு எதற்கும் இடமில்லை.

கே: கிவாவுக்குள் எடுத்த படங்கள் எங்கே கிடைக்கும்?

ப: சொல்ல மாட்டேன். கிவா என்பது நிலத்தடிச் சடங்கு அறை. ஓராய்பி என்ற ஹோப்பி கிராமத்தில் 1893 முதல் இருந்த, மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பாதிரியார் வோத், அங்கிருந்தவர்கள் எதிர்த்தும் உள்ளே புகுந்து எடுத்தவை அவை. கையில் இருந்தாலும் இங்கே பகிராதீர்கள்.

கே: வோத் எடுக்காவிட்டால் எல்லாம் அழிந்திருக்குமே?

ப: எது அழிந்திருக்கும்? ஹோப்பிகள் இன்றும் தங்கள் சடங்குகளைச் செய்கிறார்கள். மதம் மாற்ற வந்தவர் அதே சடங்குகளைப் பதிவுசெய்து, பூசை மேடைகளின் மாதிரிகளைச் சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகத்துக்குச் செய்தும் கொடுத்தார். இதை மீட்பு என்று என்னால் சொல்ல முடியாது.

கே: (அதே நண்பர்) அறிவு எல்லோருக்கும் பொது இல்லையா?

ப: ஹோப்பிகளுக்குள்ளேயே பொது இல்லை ஐயா! ஒரு சடங்குச் சங்கம் அறிந்ததை இன்னொரு சங்கத்தார் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கே கிடைக்காததை நமக்கு மட்டும் ஏன் தர வேண்டும்?

கே: (அதே நண்பர்) ஆய்வாளர்களுக்காவது?

ப: ஹோப்பிகளிடமே போய்க் கேட்கட்டும். என்னிடம் வேண்டாம்.

கே: ஜெர்மன் கலை வரலாற்றாசிரியர் ஆபி வார்பர்க் பாம்பு நடனத்தைப் படமெடுத்தாரா?

ப: அவர் அதைப் பார்க்கவே இல்லை. 1896-இல் ஓராய்பியில் பார்த்தது, ஆவிகளாக முகமூடி அணிந்து ஆடும் கச்சினா நடனம். பாம்புச் சடங்கைப் பற்றி 1923-இல் ஆற்றிய உரைதான் புகழ் பெற்றது.

கே: கிவா படம் ஒன்றே ஒன்று, அண்ணா?

ப: மேலே படியுங்கள்.

கே: முதலில் எடுத்தவர் கர்ட்டிஸா?

ப: மேலே!

கே: ஹோப்பிகளே எடுத்த படங்கள் உண்டா?

ப: இதை முதலிலேயே யாராவது கேட்டிருக்கலாம். ஹோட்டெவில்லாவைச் சேர்ந்த விக்டர் மசாயெஸ்வா ஜூனியரின் புகைப்படங்களையும் திரைப்படங்களையும் தேடிப் பாருங்கள். ஹோப்பி புகைப்படக்காரர்களின் படங்களைத் தொகுத்து 1983-இல் வந்த நூலிலும் அவருக்குப் பங்கு உண்டு.