மார்புக்கு ஏற்றும் மருந்து பாதத்தை ஏன் விறைக்க வைக்கிறது?

கேள்வி: அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை பக்லிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றுகிறார்கள். இப்போது விரல்நுனியும் பாதமும் விறைக்கின்றன. மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில் கிளினிக்கில் சொல்லாமல் இருக்கிறா. பட்டிப்பூ அவித்துக் கொடுக்கலாமா?
– மகள், நிலாவெளி

பதில்: அடுத்த முறை மருந்து ஏற்றமுன் இந்த விறைப்பைக் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னவுடன் சிகிச்சை நின்றுவிடாது. அளவைக் குறைப்பார்கள், ஒரு கிழமை தள்ளிப்போடுவார்கள், சிலருக்கு மருந்தையே மாற்றுவார்கள். மறைத்து முழுவதையும் ஏற்றி முடித்தால், விறைப்பு நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும்.

ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டியூபியூலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழாய்கள் உண்டு. விட்டம் ஏறத்தாழ 25 நனோமீற்றர். கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இரு பக்கமும் இழுப்பவை இவைதான். அதற்கு இவை ஓயாமல் நீண்டு குறுக வேண்டும். பக்லிடாக்செல் இவற்றைக் குறுகவிடாமல் இறுக்குகிறது. புற்றுக்கலம் பாதிப் பிரிவில் சிக்கி அழிகிறது.

நரம்புக்கலம் பிரிவதில்லை. ஆனால் முதுகடியிலிருந்து கால்விரல்வரை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளும் நரம்பிழைக்குத் தேவையான பொருட்கள் இதே நுண்குழாய்களைத் தண்டவாளமாகக் கொண்டே போகின்றன. அது கெட்டால் மிக நீளமான இழைகளின் நுனிதான் முதலில் வாடும். பாதத்தில் தொடங்குவது அதனால்தான். சீனி வருத்தம் இருந்தால் இன்னும் கடுமையாகும்.

நரம்பைக் காப்பாற்ற, தண்டவாளத்தை விட்டுவிட்டு, கலப்பிரிவில் மட்டும் நுண்குழாய்களைத் தள்ளி நகர்த்தும் மோட்டார்ப் புரதத்தைத் தடுக்கும் மருந்துகளையும் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். விறைப்பு குறைவாகவே வந்தது. கட்டி எதிர்பார்த்த அளவு சுருங்கவில்லை.

பட்டிப்பூ வேண்டவே வேண்டாம். வின்கிறிஸ்டீன் என்ற புற்றுநோய் மருந்து அந்தச் செடியிலிருந்து வந்ததுதான். அதுவும் இதே நுண்குழாய்களைத்தான் தாக்குகிறது, அவற்றைச் சேரவிடாமல். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒருமுறைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், நாளத்துக்குள் மட்டுமே ஏற்றுவார்கள். கசாயத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளக்க முடியாது. ஏற்கெனவே அடிபட்ட நரம்புக்கு இன்னோர் அடி எதற்கு? கடையில் விற்கும் அசெற்றைல் கார்னிற்றின் என்ற சத்துமாத்திரையும் வேண்டாம்; ஆய்வில் அது விறைப்பைக் கூட்டியது. விறைப்போடு நோவும் இருந்தால் டுலொக்செற்றின் என்ற மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மத்தியான வெயிலில் கடற்கரை மணலிலும் கோணேசர் கோயில் வீதியிலும் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். சுடுவது தெரியாமலே கொப்புளம் போடும். குளிக்கும் சுடுநீரை நீங்கள் தொட்டுப் பாருங்கள். இரவில் பாதத்தையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைக் கொக்கி போட முடியாத நாள், நடையில் தடுமாறிய நாள் இரண்டையும் குறித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.