கம்பெனி நடத்தும் ஓவியப் போட்டியில் தோற்றவர்களின் படத்தையும் கம்பெனியே எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: ஒரு நிறுவனம் ஓவியப் போட்டி அறிவித்திருக்கிறது, முதல் பரிசு 20,000 ரூபாய். "அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்" என்று விதியில் போட்டிருக்கிறார்கள். இது சட்டப்படி செல்லுமா? அனுப்பலாமா?

அந்த வரியில் "அனைத்தும்" என்று ஒரு சொல் இருக்கிறதல்லவா, நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஜெயித்த படத்துக்குக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், அது வியாபாரம், சரி. தோற்ற படத்தை எதைக் கொடுத்து வாங்கினார்கள்?

பட்டுத் தெரிந்துகொண்ட ஆள் நான். கடலூர்க்காரன், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கம்பெனியின் போட்டிக்கு தேவனாம்பட்டினம் கரையை வாட்டர்கலரில் வரைந்து ஆன்லைனில் அனுப்பினேன். கரையேற்றி வைத்த ஒரு ஃபைபர் படகு, உள்ளே நீல பிளாஸ்டிக் டிரம், வலைக் குவியல் மேல் சுருண்டு தூங்கும் ஒரு நாய். படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண்ணைக்கூட விடாமல் எழுத்து எழுத்தாகப் போட்டிருந்தேன். பரிசு வரவில்லை. யாருக்கு வந்தது என்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன்.

அடுத்த ஜனவரியில் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்க மஞ்சக்குப்பத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறேன், சுவரில் காலண்டர். நம்ம ஊர்ப் படகு மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால் அதே டிரம், அதே நாய். ஆனால் ஏதோ சரியில்லை. படகு எண் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது. இடது பக்கம் லோகோவுக்கு இடம் வேண்டும் என்று படத்தையே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். வலது மூலையில் இருந்த என் கையெழுத்து இடது மூலைக்கு வந்து, அதன் மேலேயே லோகோ உட்கார்ந்திருந்தது. "என்ன சார், மாத்திரை பேரு மறந்துபோச்சா?" என்றார் கடைக்காரர். உண்மையைச் சொன்னால், எண் மட்டும் நேராக இருந்திருந்தால் நான் பெருமைப்பட்டுக்கொண்டு அந்தக் காலண்டரைக் கேட்டு வாங்கி வந்திருப்பேன்.

போன் செய்தேன். "சார், டேர்ம்ஸ் அக்செப்ட் பண்ணித்தானே சப்மிட் பண்ணீங்க?" என்றார் எதிர்முனையில் இருந்த பெண். பண்ணித்தான் இருந்தேன்.

பெரியப்பா மகன் கடலூர் கோர்ட்டில் வக்கீல். விதிகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். "ஏண்டா, புள்ளைங்களுக்கு கொஸ்டின் பேப்பரை ரெண்டு தடவை படின்னு சொல்ற வாத்தியார்தானே நீ?" என்று ஆரம்பித்தார். அண்ணன் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

வரைந்தவர்தான் காப்பிரைட்டின், அதாவது பதிப்புரிமையின், முதல் சொந்தக்காரர். அதற்குப் பதிவு எதுவும் தேவையில்லை. 1957-ஆம் ஆண்டு காப்பிரைட் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமானால் 19-ஆவது பிரிவுப்படி எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து வேண்டும், எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த ஊர் வரைக்கும், அதற்கு என்ன தொகை என்றெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். காலம் போடவில்லையென்றால் 5 வருடம், எல்லை போடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால் "அனைத்தும் எங்களுக்கே சொந்தம்" என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு காலாகாலத்துக்கும் உலகம் முழுக்க என்று அவர்கள் சொன்னால் அதை எதிர்த்துப் பேச நிறையவே இடம் இருக்கிறது. வலைத்தளத்தில் டிக் அடித்தது கையெழுத்தாகுமா என்று வக்கீல்கள் தனியாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் விவரமான கம்பெனிகள் சொந்தம் என்றே எழுதுவதில்லை, "பயன்படுத்த அனுமதி" என்று எழுதுகிறார்கள். அதாவது லைசென்ஸ். 2012 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் எழுத்தில் இருந்தால் போதும், கையெழுத்து என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். என் விஷயத்தில் போட்டியின் 14-ஆவது விதி அப்படித்தான் இருந்தது, விளம்பரத்துக்கு எந்த வடிவத்திலும், தொகை ஏதுமின்றி. காலண்டர் போட்டதைத் தப்பு என்று சொல்ல முடியாது என்று அண்ணன் கையை விரித்துவிட்டார்.

"ஆனா பேரை மறைச்சான் பாரு, அங்கதான் மாட்டுறான்" என்றார் அடுத்து. அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு. காப்பிரைட்டை முழுசாக விற்றுவிட்டாலும், இது நான் வரைந்தது என்று சொல்லும் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். படத்தைச் சிதைத்தால் கேட்கும் உரிமையும் உண்டு, ஆனால் அதற்கு நம் பெயருக்குக் கெடுதல் வந்ததைக் காட்ட வேண்டும். புரட்டிப் போட்ட படகு எண்ணால் எனக்கு என்ன கெட்ட பெயர் வந்தது என்று ஜட்ஜ் கேட்டால் நான் என்ன சொல்வேன்? இந்தப் பிரிவில் பெரிய வழக்கு அமர்நாத் சேகலுடையது. டெல்லி விஞ்ஞான் பவனில் அவர் செய்த பெரிய சுவர்ச் சிற்பத்தை 1979-இல் கழற்றிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். சிற்பம் அரசாங்கத்தினுடையதுதான், இருந்தும் சேதமாகி மிஞ்சியதை அவரிடம் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாயும் தரச்சொல்லி 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அளவுக்கெல்லாம் எனக்குத் தெம்பு கிடையாது. அண்ணன் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் போனது, இரண்டு மாதம் கழித்து 3,000 ரூபாய் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

எல்லா உரிமையையும் கேட்பதே அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ரூபாய்க் குறியீட்டுப் போட்டியைப் பாருங்கள். நம்ம கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வரைந்ததுதான் 2010-இல் தேர்வானது. பரிசு இரண்டரை லட்சம், காப்பிரைட்டை அரசுக்குக் கொடுத்துவிட வேண்டும். நாட்டின் பணக் குறியீட்டை ஒரு தனி ஆள் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது, அது நியாயம்தான். தேர்வு நடந்த விதத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார்கள், அது வேறு கதை.

முடிவைச் சொல்லாமல் விடுவதும் சாதாரண விஷயமில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பரிசுத் திட்டம் நடத்திவிட்டு முடிவைக் கலந்துகொண்டவர்களிடமிருந்து மறைத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்ற விதியை அவர்கள் போடலாம், ஆனால் நடுவர் என்ன தீர்ப்புச் சொன்னார் என்பதையாவது நமக்குச் சொல்லவேண்டும். எனக்கு இது தாமதமாகத்தான் தெரிந்தது.

இப்போதும் நான் போட்டிக்கு அனுப்புகிறேன். பெரிய அளவு ஃபைலை அனுப்புவதில்லை, ஸ்கிரீனில் பார்க்கிற அளவுக்கு மட்டும். தேர்வானால் ஒரிஜினல் தருகிறேன் என்று எழுதுகிறேன். விதிப் பக்கத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கிறேன், பிறகு மாற்றிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளைகள் போட்டி என்றால் பெற்றோர் கையெழுத்துக் கேட்கும் ஃபாரத்தை நானே உட்கார்ந்து படிக்கிறேன், 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதால்தான் அதைக் கேட்கிறார்கள், பரிசளிப்பு விழாவுக்கு வருவதற்காக இல்லை.

நீங்கள் அவர்களுக்கு ஒரு மெயில் போடுங்கள். தேர்வாகாத படங்களையும் பயன்படுத்துவீர்களா, பயன்படுத்தினால் எவ்வளவு தருவீர்கள், பெயர் போடுவீர்களா, இந்த மூன்றுதான் கேள்வி. பரிசு பெறாத படங்களுக்கு அந்த விதி பொருந்தாது என்று பதில் வந்தால் தாராளமாக அனுப்புங்கள். "டேர்ம்ஸ் படிங்க" என்று மட்டும் பதில் வந்தால் நான் அனுப்பமாட்டேன், 20,000 அல்ல, லட்சம் போட்டிருந்தாலும்.