மக்கள் பங்கேற்பு இருந்தால்தான் கிராம வளர்ச்சித் திட்டங்கள் வெற்றி பெறுமா?

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஆம்" என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். எனக்கு உறுத்துவது வேறு: யாருடைய பங்கேற்பு?

நான் மும்பை செம்பூர்த் தமிழன். மராத்தி சரளமாக வரும் என்பதால் ஓர் அறக்கட்டளையில் கணக்குச் சரிபார்க்கும் வேலை கிடைத்து, மகாராஷ்டிரத்தில் அன்றைய அகமத்நகர் மாவட்டத்தில் ஊர் ஊராகப் போனேன். எங்கே போனாலும் அந்த மாவட்டத்து ஹிவரே பஜார் கிராமத்தின் புராணம்தான். அது தகும். 1990 வாக்கில் போபட்ராவ் பவார் அங்கே சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவர், ஆனார். அதன்பின் அங்கே கிராம சபை கூடி, இருக்கிற தண்ணீரைக் கணக்கிட்டுத்தான் பயிரை முடிவு செய்கிறது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, மரம் வெட்டக் கூடாது, ஆடுமாட்டை அவிழ்த்துவிட்டு மேய்க்கக் கூடாது. ஊர் கட்டுப்பட்டது, கிணறுகளில் நீர் ஏறியது.

அதைப் பார்த்து நீர்ப்பிடிப்புப் பணி தொடங்கிய இன்னோர் ஊரின் மஸ்டர் ரோலை, அதாவது கூலிப் பதிவேட்டை, புரட்டினேன். வரப்பு வெட்டியவர்களின் கூலியில் ஒரு பகுதியைக் கழித்து, எதிரே "சிரமதானம்" (உழைப்பைத் தானமாகத் தருவது) என்று எழுதிக் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். பல மாதங்களுக்கு முந்தைய தேதி. மையோ என் விரலில் ஒட்டியது. பட்டியலில் இருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். "காசு குறைந்தது தெரியும், தானம் கொடுத்தது தெரியாது" என்றார். அவருக்கு நிலம் கிடையாது. மேய்ச்சல் தடை வந்ததும் ஆடுகளையும் விற்றுவிட்டார். நீர் ஏறியதெல்லாம் பள்ளத்தில் நிலம் வைத்திருப்பவர்களின் கிணறுகளில். இதை அறிக்கையில் எழுதினேன். அச்சாகி வந்தபோது அந்தப் பத்தி இல்லை, "முழுமையான மக்கள் பங்கேற்பு" இருந்தது.

"என்ஜிஓ காசில் வாழ்ந்துவிட்டு இப்போது பேசுகிறான்" என்று கிளம்பப் போகிறவர்களுக்கு: நீர்ப்பிடிப்புப் பணிக்கு நான் எதிரி அல்லன். தண்ணீர் ஏறினால் கூலி வேலையும் கூடும், மறுக்கவில்லை. வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் தர 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்திலும், ஊருக்குள் குழாய் போடும் செலவில் 10 சதவீதம் மக்கள் பங்கு. மலை, வனப் பகுதிகளிலும், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் 5 சதவீதம். பணமாகவோ உழைப்பாகவோ கொடுக்கலாம். யார் பணமாகக் கொடுக்கிறார், யார் உழைப்பாகக் கொடுக்கிறார் என்று எந்த ஊரிலாவது விசாரித்துப் பாருங்கள்.

கிராமத்தானுக்குப் பங்கேற்பைப் போதிக்கும் நகரவாசிகள் எங்கள் ஹவுசிங் சொசைட்டிப் பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும். ஆள் சேராது. அரை மணி நேரம் தள்ளிவைப்பார்கள். அதன்பின் கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, தேவையில்லை. போன முறை அப்படித்தான் செயலாளரின் மைத்துனருக்கு இரண்டாவது கார் நிறுத்த இடம் ஒதுக்கினார்கள். ஆட்சேபித்துக் கடிதம் கொடுத்தால், "கூட்டத்துக்கு வந்து சொல்லியிருக்கலாமே" என்கிறார் செயலாளர். முதல் வரிசையில் உட்கார்ந்து சொன்னவனே நான்தான்.