கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, இங்கிலாந்துக் கால்பந்து அரங்கங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயமாமே? யார் தருகிறார்கள்?
– வாசகி, மதுரை

பதில்: உள்ளாட்சி மன்றம்தான் தருகிறது. 1971 ஜனவரி 2 அன்று ஸ்காட்லாந்து நகரான கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில், 13ஆம் எண் படிக்கட்டு நெரிசலில் 66 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் 1975ஆம் ஆண்டுச் சட்டம். எந்தப் பகுதியில் எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்பதுவரை சான்றிதழில் எழுதியிருக்கும்.

ஆனால் முதலில் எல்லா அரங்கங்களும் இதில் அடங்கவில்லை. வட இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சிட்டி, கீழ்நிலையான மூன்றாம் பிரிவு அணி என்பதால் தப்பித்தது. தப்பித்தது என்றா சொல்வது! அதன் மரத்தாலான பார்வையாளர் கூடத்தில், இருக்கைகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் குப்பை சேர்ந்திருந்தது. 1985 மே 11 அன்று அது பற்றிக்கொண்டது. 56 பேர் மாண்டார்கள். அணி அப்போதுதான் மேல் பிரிவுக்கு உயர்ந்திருந்தது. கூரையை மாற்ற வாங்கிய இரும்பு, கூடத்தின் பின்னால் கிடந்தது.

1987இல் சட்டத்தை இறுக்கினார்கள்: 500 பேரோ அதற்கு மேலோ கொள்ளும், கூரையுள்ள பார்வையாளர் கூடத்துக்கும் சான்றிதழ் வேண்டும். ஆனால் 1989இல் நெரிசலில் 97 உயிர்களைப் பறித்த, ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கிடம் சான்றிதழ் இருந்தது. 1979இல் தந்தது. பிறகு உள்ளே வேலிகள் மாறின, தாள் மாறவில்லை.

நானோ, எந்த அரங்கில் நுழைந்தாலும் முதலில் வெளியேறும் கதவைத் தேடுவேன். வீட்டில் கேலி செய்கிறார்கள்.