வாசகர் கேள்வி–பதில்: பனி விழுமுன் ஒரு காய்ந்த அறை

2014 செப்டம்பர் முதல் வாரத்தில் காஷ்மீரில் விடாமல் மழை கொட்டியது. 7ஆம் தேதி ஜீலம் நதி கரையை உடைத்து ஸ்ரீநகருக்குள் புகுந்தது. ராஜ்பாக், ஜவஹர் நகர், பெமினா பகுதிகளில் வீடுகளின் கீழ்த்தளம் முழுதும் முழுகியது. பச்சைச் செங்கல்லும் மண் சாந்தும் கொண்டு கட்டிய சுவர்கள் நீரில் ஊறிச் சரிந்தன. அங்கே குடும்பங்கள் குளிர்காலத்துக்கு என்று விறகு, கரி, அரிசி, காய்ந்த காய்கறி எல்லாவற்றையும் இலையுதிர் காலத்திலேயே சேர்த்து வைத்துவிடும். அந்தச் சேமிப்பும், வயலில் அறுவடைக்கு நின்ற நெல்லும் சேர்ந்தே போயின. "அப்படி ஒரு வெள்ளம் மறுபடி வந்தால் இங்கிருந்து நாங்கள் என்ன செய்யலாம்?" என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. தங்குமிடப் பொறியாளர்களும் நிவாரண ஒருங்கிணைப்பாளர்களும் சேர்ந்து தரும் பதில்கள் இவை.

கேள்வி: எங்கள் சங்கத்தில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட் பத்தாயிரம் உருப்படி இருக்கிறது. வீடு வீடாகப் பழைய துணியும் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். லாரி வைத்து அனுப்பலாமா? (வாசகர், திருப்பூர்)

பழைய துணி வேண்டவே வேண்டாம். அதைப் பிரிக்க ஆள் வேண்டும், நனையாமல் வைக்க இடம் வேண்டும். வெள்ளம் வந்த ஊரில் இரண்டுமே கிடைக்காது. கடைசியில் மூட்டை மூட்டையாகச் சாலையோரம் கிடந்து நனைந்து, அள்ளிப்போடும் வேலையும் அந்த ஊர்க்காரர் தலையில்தான் விழும்.

அரைக்கை டி-ஷர்ட்டும் அங்கே பயன்படாது. உங்கள் பின்னலிலும் தையலிலும் ஆகக்கூடியது ஒன்று உண்டு: முழுக்கை, முழுக்கால் தெர்மல் உள்ளாடை. ஆளுக்கு இரண்டு செட். ஒன்று காயும்போது ஒன்று உடலில் இருக்க வேண்டும். குழந்தைகள் அளவை முதலில் தையுங்கள். சளி முற்றி நிமோனியாவாகும் ஆபத்து ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கே அதிகம். கூடவே ஆளுக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, காது மூடும் குல்லா, குழந்தைக்கு ரப்பர் பூட்ஸ். வெள்ளம் வடிந்த மண் மாதக்கணக்கில் சேறாகவே இருக்கும். ஈரக்காலோடு திரிகிற குழந்தைக்கு மேலே எத்தனை ஸ்வெட்டர் போட்டும் பயனில்லை.

கட்டும்போது அளவு வாரியாகத் தனித்தனி மூட்டை. ஒவ்வொரு மூட்டையின் வெளியிலும் வயது, ஆணா பெண்ணா, எண்ணிக்கை ஆகிய மூன்றையும் உருதுவிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். பெண்களுக்கான உள்ளாடையும் நாப்கினும் தனிப் பொட்டலம். அதைப் பெண்களே பெண்களுக்குத் தர வேண்டும். ஃபிரன் என்ற நீண்ட மேலங்கியை இங்கே தைக்க முயல வேண்டாம். துணியாக வாங்கிக் கொடுத்தால் அங்குள்ள தையற்காரர்களுக்கு வேலையும் கிடைக்கும், அளவும் சரியாக வரும்.

கேள்வி: பருத்திப் போர்வை தடிமனாக நெய்து தருகிறோம் என்கிறார்கள் எங்கள் ஊர் நெசவாளர்கள். ஒரு குடும்பத்துக்கு எத்தனை தேவைப்படும்? (வாசகி, கரூர்)

பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கூடாரத்துக்குள் ஐந்து பேர் மூச்சுவிட்டாலே காலையில் உட்புறத் துணியில் நீர் முத்து முத்தாக நிற்கும். அது போர்வையில் இறங்கினால் ஒரு வாரம் ஆனாலும் காயாது. ஈரப் போர்வை உடம்புச் சூட்டை உறிஞ்சும். அதனால் கம்பளியும் செயற்கை இழையும் கலந்த போர்வையோ, தடித்த ஃப்ளீஸ் போர்வையோ வாங்குங்கள். அளவு 1.5 மீட்டருக்கு 2 மீட்டர், எடை ஏறத்தாழ 2 கிலோ. வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் நெசவு தளர்வு. உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் பஞ்சு உதிரக் கூடாது.

மேலே போர்த்த ஆளுக்கு இரண்டு. ஐந்து பேர் குடும்பத்துக்குப் பத்து. ஐந்நூறு குடும்பம் என்றால் 5,000 போர்வை, 10 டன். இவ்வளவையும் கரூரிலிருந்து ஏற்றினால் வாடகையிலேயே பெரும்பணம் போய்விடும். மறுசுழற்சிக் கம்பளிக்குப் பெயர்போன பானிபட் ஹரியானாவில், வழியிலேயே இருக்கிறது. அங்கே வாங்கி அங்கேயே ஏற்றுவது நல்லது. உங்கள் ஊர்ப் பருத்தியை வீணாக்க வேண்டியதில்லை. மேல்விரிப்பாக, துண்டாக, குழந்தைக்குச் சுற்றும் துணியாக அது நன்றாகவே பயன்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். படுத்திருப்பவரின் சூட்டைத் திருடுவது பெரும்பாலும் அடியில் இருக்கும் தரைதான். உடலின் எடையில் கீழ்ப்போர்வை நசுங்கி, அதில் அடைபட்ட காற்று வெளியேறிவிடும். பிறகு அது வெறும் துணி. கையில் இருக்கும் பணத்துக்கு மூன்றாவது போர்வையா, தரைக்கு ஒரு ஃபோம் பாயா என்று யோசித்தால் தயங்காமல் பாய் வாங்குங்கள்.

கேள்வி: கூடாரம் கொடுப்பது நல்லதா, தகரக் கொட்டகை போட்டுத் தருவதா? அளவு, பொருள் விவரம் சொன்னால் எங்கள் கல்லூரிக் குழுவுக்கு உதவியாக இருக்கும். (சிவில் மாணவர், கோவை)

முதல் ஆறு வாரத்துக்குக் கூடாரமோ தார்ப்பாயோ போதும். பனிக்காலம் கூடாரத்தில் கழியக் கூடாது. காரணம் பனியின் எடை. புதிதாக விழுந்த உலர்பனி ஓரடி உயரம் நின்றால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. அதே ஓரடி உயரத்துக்கு ஈரப்பனி நின்றால் 90 கிலோவைத் தொடும். நிவாரணக் குடும்பக் கூடாரத்தின் முக்கியப் பகுதி 16 சதுர மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேறு வழியில்லாமல் கூடாரத்தில் இருப்பவர்கள் இரவில் இரண்டு முறை எழுந்து, உள்ளிருந்து துடைப்பத்தின் அடிப்பக்கத்தால் தட்டிப் பனியைச் சரிக்க வேண்டும். வெளியிலிருந்து மண்வெட்டியால் வழித்தால் துணி கிழியும்.

தார்ப்பாய் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, 4 மீட்டருக்கு 6 மீட்டர் பாயை நான்கு மூலைக் கண்களில் மட்டும் கட்டிவிடுவது. காற்று அடித்தால் முதலில் பிய்வது அந்தக் கண்தான். ஓரத்தை ரீப்பர் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஆணிக்கு அடியில் சோடா மூடியோ ரப்பர் துண்டோ வைத்து அடியுங்கள். கண் பிய்ந்துபோன இடத்தில் ஒரு கூழாங்கல்லைப் பாய்க்குள் பொதிந்து அதன் கழுத்தில் கயிறு கட்டலாம். கண்ணைவிட அது வலுவாக நிற்கும். கீழ் ஓரத்தை அரை அடிப் பள்ளத்தில் புதைத்து மண் மூடுங்கள்.

இனிக் கொட்டகை. பேரிடர் உதவிக்கான உலகத் தரமான ஸ்ஃபியர் கையேட்டின்படி ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர். சமையலும் குளியலும் உள்ளேயே நடக்கும் குளிர்ப் பகுதியில் 4.5 முதல் 5.5. ஐந்து பேருக்கு 12 அடிக்கு 20 அடி சரியாக வரும். அதைக் குறுக்கே தடுத்து 12க்கு 12 படுக்கும் அறை, 12க்கு 8 சமையலும் வாசலும். வெளிக்கதவு இந்தச் சின்ன அறையில்தான் இருக்க வேண்டும். கதவு திறக்கும்போதெல்லாம் படுக்கும் அறையின் சூடு ஓடிவிடாது.

கூரை இருபுறச் சரிவு, குறைந்தது 30 பாகை. பக்கவாட்டில் ஓரடி வெளியே நீட்டினால் எட்டடி நெளிதகரம் ஒரு சரிவுக்கு ஒன்பது, ஆக 18 தகடு, மேலே முகட்டுத் தகடு. ஸ்க்ரூவை நெளியின் மேட்டில் ரப்பர் வாஷர் வைத்து முடுக்க வேண்டும். பள்ளத்தில் முடுக்கினால் ஒழுகும். இறவாணத்தை ஒட்டிய வரிசையில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு. காற்று தூக்குவது அங்கேதான்.

தரையில்தான் பெரும்பாலான கொட்டகைகள் தோற்கின்றன. வெள்ள வண்டல் மேலே காய்ந்ததுபோல் தோன்றும், கீழே ஈரம் நிற்கும். கல்லும் மண்ணும் போட்டு ஓரடி உயர்த்திக் கெட்டிப்படுத்துங்கள். அதன்மேல் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, சுவர்ப்பக்கம் ஓரடி மேலே ஏற்றிவிடுங்கள். அதற்குமேல் நன்றாகக் காய்ந்த வைக்கோல் நாலு அங்குலம், மேலே ப்ளைவுட் அல்லது பலகை, அதன்மேல் நம்தா என்ற கம்பளி விரிப்போ ஃபோம் பாயோ. வைக்கோல் ஈரமாக இருந்தால் இரண்டே வாரத்தில் பூஞ்சை பிடித்து, இருமல் அங்கிருந்தே தொடங்கும்.

சுவர் இரட்டை அடுக்கு. நடுவே இரண்டு மூன்று அங்குல இடைவெளி, அதில் வைக்கோல் திணிக்கலாம். தகரக் கூரையின் உட்புறம் இரவில் வியர்த்து விடியலில் சொட்டும். எனவே ஏழடி உயரத்தில் துணியோ ப்ளைவுட்டோ கொண்டு உட்கூரை கட்டாயம் வேண்டும். இரண்டு முகட்டுச் சுவரிலும் ஒவ்வொரு காற்றுத் துளை வேண்டும். குளிருக்குப் பயந்து குடும்பத்தார் அந்தத் துளையைத் துணி வைத்து அடைப்பார்கள். ஏன் அடைக்கக் கூடாது என்று ஒப்படைக்கும் அன்றே, வீட்டுப் பெண்களிடமும் சொல்லுங்கள்.

கேள்வி: அங்கே காங்ரி என்ற நெருப்புச் சட்டியை உடைக்குள்ளேயே வைத்துக்கொள்வார்களாமே. கூடாரத்தில் அது சரியா? (வாசகி, கோத்தகிரி)

காங்ரி தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் இருப்பது. பிரம்பு பின்னிய மண்சட்டியில் தணல் இட்டு ஃபிரனுக்குள் வைத்துக்கொள்வார்கள். விழித்திருக்கும் பகலில் அது அவர்களுக்குத் தெரிந்த வித்தை. ஆபத்து, பல காங்ரிகளையோ கரி அடுப்பையோ அடைத்த கூடாரத்துக்குள் வைத்துவிட்டுத் தூங்குவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போகும். கொடைக்கானல் அறைகளில் கரி அடுப்போடு படுத்து இறந்தவர்களைப் பற்றி நாமும் செய்தித்தாளில் படித்திருக்கிறோம்.

கொட்டகைக்குப் புகாரி என்ற தகர அடுப்பு ஏற்றது. புகைக்குழாய் கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடி உயர வேண்டும். குழாய் கூரையைத் துளைக்கும் இடத்தில் ஒன்றரை அடிச் சதுரத் தகடும் கண்ணாடிக் கம்பளியும் வையுங்கள். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி மணல் தட்டின்மேல் அடுப்பு. பக்கத்தில் ஒரு வாளி மணல். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கொட்டகைக்கு ஒன்று வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். போர்வை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் பாதகமில்லை.

சமையல் எரிவாயுவை நம்ப வேண்டாம். அதில் உள்ள பியூட்டேன் பூஜ்ஜியம் பாகையை ஒட்டி ஆவியாக மறுக்கும். சிலிண்டர் கனமாக இருக்கும், அடுப்பு மட்டும் எரியாது. உடனே சிலிண்டரை நெருப்பருகே நகர்த்துவார்கள். விபத்து அங்கே நடக்கிறது.

கேள்வி: 2015 சென்னை வெள்ளத்தில் மெயின் ரோட்டுக்காரர்களுக்கே திரும்பத் திரும்பப் பொட்டலம் போனதைப் பார்த்தோம். அப்படி நடக்காமல் எப்படி ஒருங்கிணைப்பது? (தன்னார்வலர், சென்னை)

முதலில் மாவட்ட நிர்வாகம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் நம் ஊர் கலெக்டர். காஷ்மீரில் அவரை டெபுடி கமிஷனர் என்பார்கள். அவருடைய அலுவலகத்தில் பதியாமல் லாரியை நகர்த்தாதீர்கள். அங்கே ஒரே ஒரு தாள் ஓட வேண்டும்: யார், எந்த ஊரில், எதை, எத்தனை குடும்பத்துக்கு, எந்தத் தேதியில். தினமும் மாலை அது புதுப்பிக்கப்பட வேண்டும்.

ஒரு ஊருக்கு ஒரு குழு என்று பிரித்துக்கொண்டு அந்தக் குழுவே முழுத் தொகுப்பையும் தரட்டும். நாலு குழு நாலு பொருளைத் தந்தால் ஒருவருக்கு அடுப்பு இருக்கும், குழாய் இருக்காது. பட்வாரி என்ற கிராம நிலக்கணக்கு அலுவலரின் சேதப் பட்டியலை எடுத்துக்கொண்டு, மொஹல்லா கமிட்டி என்ற தெருக் குழுவோடு வீடு வீடாகச் சரிபாருங்கள். 2014இல் படகும் கயிறுமாக முதலில் இறங்கியவர்கள் அந்தந்தத் தெரு இளைஞர்கள்தான். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பட்டியலில் வழக்கமாக விட்டுப்போகிறவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள், கணவரை இழந்த பெண்கள், உறவினர் வீட்டு மாடியில் ஒதுங்கியவர்கள். வீட்டின் பேரில் பட்டியல் போடாமல் அடுப்பின் பேரில் போடுங்கள்: தனியாகச் சமைத்தால் தனிக் குடும்பம்.

முந்தின நாளே வரிசை எண் போட்ட டோக்கன். ஒரு கவுண்டரில் ஒரு குடும்பத்துக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். நாலு கவுண்டர் ஐந்து மணி நேரம் ஓடினால் நானூறு குடும்பம். அதற்குமேல் அன்று அழைக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிருங்கள். முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வீட்டுக்கே போய்க் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தேதி. சில்லைக் கலான் என்ற நாற்பது நாள் கடுங்குளிர் டிசம்பர் 21இல் தொடங்கும். ஸ்ரீநகரில் இரவு மைனஸ் ஐந்துக்கும் கீழே போகும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். செப்டம்பர் முடிவில் பட்டியல் தயார், அக்டோபர் முடிவில் தகரம் கூரையேற வேண்டும், நவம்பர் நடுவில் போர்வையும் விறகும் வீட்டில். பனி இறங்கினால் பனிஹால் வழி நெடுஞ்சாலை நாட்கணக்கில் அடைபடும். மாற்று வழியான முகல் சாலை குளிர்காலம் முழுக்க மூடியே கிடக்கும். கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனில் ரயில் வந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் ஸ்டேஷனிலிருந்து கிராமம் வரை சாலைதானே. லடாக்கின் லே நகரில் 2010 ஆகஸ்ட் 6 நள்ளிரவுக்குப் பின் மேகவெடிப்பு வந்தபோது அவகாசம் இதைவிடக் குறைவு. 3,500 மீட்டர் உயரத்தில் அக்டோபருக்குப் பிறகு சிமென்ட் வேலையே ஓடாது. நீர் உறைந்து கலவை பிடிக்காது.

கேள்வி: பள்ளிக்கூடங்களை முகாமாக்கினால் என்ன? (ஆசிரியை, மதுரை)

சில வாரங்களுக்குச் சரி. நம் ஊரைப்போல ஓர் அறையில் முப்பது பேர் என்று அடைக்காதீர்கள். தொடக்கத்தில் ஐம்பது பேருக்கு ஒரு கழிப்பறை, பிறகு இருபது பேருக்கு ஒன்று; பெண்களுடையது தனியாக, உள்தாழோடு, விளக்கோடு. டிசம்பரில் அங்கே பள்ளி விடுமுறை தொடங்குவதால் குடும்பங்களை அங்கேயே விட்டுவிடலாம் என்று தோன்றும். உயர்ந்த கூரை, பெரிய ஜன்னல், சிமென்ட் தரை கொண்ட அந்த அறைகளைச் சூடேற்றவே முடியாது. குழாய்களும் உறையும், பொழுது சாயும்போது தொட்டியையும் குழாயையும் வடித்துவிட வேண்டும்.

கேள்வி: இத்தனை சிரமத்துக்குப் பணமாகவே கொடுத்துவிடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

கடை திறந்திருந்தால் கொடுக்கலாம். விறகு, அரிசி, கூலி, ஃபிரன் துணி இவற்றுக்குப் பணமே நல்லது. தேவை எது என்று அந்த வீட்டுக்குத்தான் தெரியும். தகரம், ஃபோம் பாய், புகாரி மூன்றும் வேறு. ஒரே மாதத்தில் எல்லோரும் அவற்றையே தேடுவதால் விலை ஏறும், சரக்கும் தீரும். அவற்றை ஜம்முவிலோ பதான்கோட்டிலோ மொத்தமாக வாங்கிப் பொருளாகக் கொடுங்கள். பணத்தை வங்கிக் கணக்கில் இரண்டு தவணையாகப் போடுங்கள்: அடிமட்டம் உயர்த்தியதும் ஒன்று, கூரை முடிந்ததும் மற்றது. வெள்ளத்தில் பாஸ்புக்கும் ஆதாரும் போனவர்களுக்கு நகல் எடுத்துத்தர, பட்டியல் சரிபார்க்கும் அன்றே ஒரு மேசையை அதற்கென ஒதுக்கிவிடுங்கள்.