குவளையில் நிற்கும் தூரிகைகள்

அன்புள்ள ஐயா,

பணி ஓய்வுக்குப் பிறகு நீர்வண்ண ஓவியம் பழகிவருகிறேன். வாங்கும் தூரிகைகள் எல்லாம் மூன்றே மாதத்தில் முனை விரிந்துவிடுகின்றன. பிரிந்து நின்ற மயிர்களைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாயிற்று. எந்த நிறுவனத்தின் தூரிகை நீடித்து உழைக்கும்? கீரி மயிரில் செய்ததே சிறந்தது என்று கடைக்காரர் ஒருவர் தணிந்த குரலில் சொன்னார், வாங்கலாமா? என் மேசையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைவிட உங்கள் படம் அதிகம் பேசியது. கண்ணாடிக் குவளையில் ஆறு தூரிகைகள், கழுத்தளவு அழுக்குத் தண்ணீரில் தலைகீழாக நிற்கின்றன. எந்த நிறுவனம் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை; அந்தக் குவளை எல்லா நிறுவனங்களையும் ஒன்றுபோலவே நடத்தும். கீரி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் உயிர். கடைக்காரரின் குரல் ஏன் தணிந்தது என்று நீங்கள் யோசித்திருக்க வேண்டாமா?

கத்தரியைப் பற்றிப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. நல்ல மயிர்த் தூரிகையின் கூர்மை வெட்டி உண்டாக்கப்படுவதன்று. ஒவ்வொரு மயிரும் நடுவில் சற்றுத் தடித்து நுனியில் இயல்பாகவே மெலிந்திருக்கும்; அந்த நுனிகள் ஓரிடத்தில் கூடும்படி அடுக்கிக் கட்டுவதுதான் தூரிகை செய்பவரின் வேலை. நீங்கள் வெட்டி எறிந்தது அந்த நுனிகளைத்தான்.

சென்ற வாரம் என் பழைய தகரப் பெட்டியை ஒழுங்குசெய்தபோது நினைத்துக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் குவளை மீண்டும் கிளறிவிட்டது. பள்ளி விடுமுறைகளில் கும்பகோணத்தில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் ஒருவரிடம் எடுபிடியாக இருந்தேன். அவர் எழுதியது எனாமல் பெயிண்டில். மாலையில் தூரிகைகளைப் பழைய வேட்டித் துணியில் துடைத்து, மண்ணெண்ணெயில் அலசி, உள்ளங்கையில் பார் சோப்பைக் குழைத்து, நுரை வெள்ளையாகும்வரை அதில் சுழற்றிக் கழுவுவது என் வேலை. அவர் ஒவ்வொன்றாக வாங்கி, கட்டைவிரல் நகத்தால் கழுத்தருகே அழுத்துவார். துளி நிறம் கசிந்தாலும் ஒன்றும் சொல்லாமல் என் கையில் திருப்பி வைத்துவிடுவார். தேறியவற்றுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு, விரலால் கூராக்கிப் படுக்கவைப்போம்.

ஒரு பொங்கலுக்கு முன்பு நான் அவசரத்தில் தேங்காய் எண்ணெய்க்குப் பதிலாகப் பக்கத்துப் பாட்டிலில் இருந்த டபுள் பாயில்டு லின்சீட் ஆயிலை, அதாவது காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை, தொட்டுப் பூசிவிட்டேன். தேங்காய் எண்ணெய் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகிவிடும். பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது எட்டுத் தூரிகைகளும் குச்சிகளாகக் கிடந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் டர்பன்டைனில் ஊறவைத்து, ஊசியால் கோதி, மூன்றை மட்டும் மீட்டார். அந்த வாரம் அவர் எழுதிய பலகை ஒன்றில், ஜவுளி என்ற சொல்லின் கடைசி வளைவு கூராக முடிய வேண்டிய இடத்தில் மழுங்கி நின்றது. நான் பள்ளிக்குப் போகும் வழியில்தான் அந்தக் கடை இருந்தது.

உங்களுடையது நீர்வண்ணம் என்பதால் மண்ணெண்ணெயும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். எண்ணெய் பட்ட மயிர் தண்ணீரை ஏற்காது. ஆனால் கழுத்து எல்லாத் தூரிகைகளுக்கும் கழுத்துதான். மயிரைக் கைப்பிடியோடு பிணைக்கும் அந்த உலோகக் குழலுக்குள் மயிரின் அடி பசையில் பதிந்திருக்கிறது. தூரிகையைக் குவளையில் நிறுத்தினால் அதன் எடை முழுவதையும் நுனி தாங்கி வளைகிறது. குழலுக்குள் ஏறும் தண்ணீரில் கைப்பிடி மரம் ஊதி, மேற்பூச்சு வெடித்து, காய்ந்தபின் மரம் சுருங்க, தலை ஆடத் தொடங்குகிறது. அழுக்குத் தண்ணீரோடு போன நிறம் அடியில் தங்கி உலர்ந்து மயிர்களை விலக்குகிறது. நுனி விரிந்ததற்குக் காரணம் நுனியில் இல்லை. அக்ரிலிக் தொட்ட தூரிகையென்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனெனில் உலர்ந்த அக்ரிலிக் மறுபடி தண்ணீரில் கரையாது. ஓவியர் அரக்கு நிறம் ஊட்டிய துகிலிகையை, அதாவது தூரிகையை, போன்றது பாதிரிப் பூவின் துய்த்தலை, பஞ்சு போன்ற தலை, என்கிறது நற்றிணையின் 118ஆம் பாட்டு; நிறம் தலையோடு நிற்க வேண்டும் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டி நான் வம்பாக வாதிடுவதுண்டு.

வெந்நீர் பசையை இளக்கும். சாதாரணத் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். கழுவி, விரலால் கூராக்கி, படுக்கவைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் மறுபடி கழுத்துக்குள்தான் இறங்கும்.

செயற்கை இழையில் 8ஆம் எண்ணும் 2ஆம் எண்ணும் கொண்ட இரண்டு உருண்டைத் தூரிகைகள் இப்போதைக்கு உங்களுக்குப் போதும். கடையில் கூராகத் தெரிவது, நுனி குலையாதிருக்க மயிரில் தடவிய பசையின் கூர்மை. தண்ணீர் கேட்டு வாங்கி அதைக் கரைத்துவிட்டு, ஒருமுறை உதறிப் பாருங்கள். நுனி தானாகக் கூடினால் வாங்கலாம்.

அதற்கு முன்பு, எழுந்துபோய் அந்தக் குவளையைக் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.